கை நனைக்காத நாள்

அத்தியாயம் 9

சனிக்கிழமை, 7 பிப்ரவரி 2026
சமயநல்லூருக்கு அப்பால், கண்மாய்க்கரை விடுதி, அறை எண் 4

இன்றைய தவறு: விடுதியின் முன்பதிவுப் படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. வருவதோ இரண்டு குடும்பம். வயதில் மூத்தவரை எழுதுவதுதான் முறை என்று நானாக முடிவு செய்து, அறுபத்தொரு வயதான லட்சுமிநாராயணன் சாரின் பெயரை எழுதினேன். அப்பாவுக்கு ஐம்பத்தேழு. காலை எட்டே முக்கால் வரை இதைத் தவறு என்றே நான் நினைக்கவில்லை.

பகலில் தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். சாயங்காலம் அலுவலக நிர்வாக வகுப்பு. அந்த வகுப்புக்காக ஆரம்பித்த டைரி இது. அன்றைய தவறை முதலில் எழுதிவிட்டால் மற்றதை எழுதுவது சுலபம் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. இன்று அவ்வளவு சுலபமாக இல்லை.

இங்கே ஏன் வந்தோம் என்பதையும் ஒருமுறை எழுதிவைக்கிறேன். பின்னால் படிக்கும்போது எனக்கே குழம்பக் கூடாது.

அண்ணன் அழகுபாண்டி தீபாவளிக்கு மறுநாள், கூட வேலை பார்க்கும் காவ்யஸ்ரீயைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக வீட்டில் சொன்னான். அவர்கள் சௌராஷ்டிரர்கள். நாங்கள் பரவைப் பக்கம் விவசாயம் பார்த்த குடும்பம். இப்போது அப்பா வெள்ளைத்துரைக்கு மார்க்கெட்டில் வாழை இலை வியாபாரம். மூன்று மாதம் அவர் அண்ணனோடு பேசவில்லை. பொங்கலன்று திடீரென்று சொன்னார்:

"அந்தப் பிள்ளையப் பெத்தவர ஒருக்கா பாக்குறேன். வீட்டுக்கு வரமாட்டேன். மண்டபம், கோயிலு எதுவும் வேணாம். நாலு பேரு கண்ணுல படாத எடமாச் சொல்லுங்க. அவுக ரெண்டு பேரும் அங்க வரக் கூடாது. சின்னஞ்சிறுசுக மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வராது."

மதுரையில் அப்பா இலை போடாத மண்டபம் இல்லை. லட்சுமிநாராயணன் சார் கீழவாசலில் முப்பது வருடமாக மருந்துக் கடை வைத்திருப்பவர். இரண்டு பேரையும் தெரியாதவர்கள் இருக்கும் இடத்தைத் தேடித்தான் இந்த விடுதியைக் கண்டுபிடித்தேன். மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர், தென்னந்தோப்புக்கு நடுவே மண்பாதை. ஆறே அறைகள். எதிரே கண்மாய் நிறையத் தண்ணீர். ஒரு நாள் தங்கல், மறுநாள் காலை வரை நாலு வேளைச் சாப்பாட்டோடு. காலையிலேயே அறை கொடுப்பதாகச் சொன்னார்கள். ஆளுக்குப் பாதி என்று அண்ணனும் காவ்யஸ்ரீயும் பணம் கட்டிவிட்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் இலை வண்டியில் வந்தார்கள். நான் ஸ்கூட்டியில் பின்னால் வந்தேன்.

"ஆறு ரூமு. இதுக்குப் பேரு ரிசார்ட்டா?" என்றார் அப்பா, இறங்கும்போதே. ஆனாலும் கண்மாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. அப்பாவின் முகம் தெளிவாகத்தான் இருந்தது.

பிறகு வாசலில் இருந்த கரும்பலகையைப் படித்தார்.

'நல்வரவு. திரு. லட்சுமிநாராயணன் குடும்பத்தார். 5 நபர்கள்.'

அப்பா விரலை மடக்கி எண்ணினார். சார், அவர் மனைவி ரங்கநாயகி, அம்மா, நான், அப்பா. ஐந்து.

"ஏத்தா மீனா. நாம எப்ப அவரு குடும்பத்தாரு ஆனோம்?"

நான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். வயது வரிசையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் போனது.

அப்பா கோபப்படவில்லை. "அப்ப இங்க போடுற சோறு அவரு பேர்ல போடுற சோறு" என்று மட்டும் சொன்னார். அம்மா சோலையம்மாள் என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் செய்தது எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பேசி முடியாமல் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். வடையை எடுத்துப் பிய்த்துவிட்டால்கூட அதற்குப் பிறகு இல்லை என்று சொல்ல முடியாது. பேச வந்த இடத்தில், பேச்சு தொடங்கும் முன்பே, நாலு வேளைச் சாப்பாட்டையும் நான் பெண் வீட்டுச் சாப்பாடாக மாற்றி வைத்திருக்கிறேன்.

காலைச் சாப்பாட்டு அறையில் அவர்கள் இருவரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். லட்சுமிநாராயணன் சார் எழுந்து நின்று கும்பிட்டார். ஒல்லியான மனிதர், நெற்றியில் மெல்லிய நாமம். அவரை அங்கிள் என்பதா, மாமா என்பதா என்று தெரியாததால் சார் என்றே அழைக்கிறேன்.

"வாங்க, வாங்க. பொங்கல் சூடா இருக்கு."

"நாங்க வர்றப்பவே சாப்ட்டு வந்துட்டோம்" என்றார் அப்பா.

நாங்கள் சாப்பிடவில்லை. அதிகாலை மார்க்கெட் முடிந்து அப்பா நேராக வந்திருந்தார். என் வயிறு சத்தம் போட்டது. அம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்வதுபோல என் கையைக் கிள்ளினார்.

சார் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். எடுத்த தட்டை வைத்துவிட்டார். "அப்படியா. எங்களுக்கும் பெருசா பசி இல்ல" என்றார். ரங்கநாயகி ஆன்ட்டி தங்கள் பாஷையில் அவரிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். அவர் சிரித்துத் தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்பை அப்பா கவனித்ததை நான் கவனித்தேன்.

நான் வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணின் பெயர் தமிழ்வாணி. என் வயதுதான் இருக்கும்.

"பேரை ரெண்டாப் பிரிக்க முடியுமா?"

"கம்ப்யூட்டர்ல ஒரு பேருதான் எடுக்கும். வேணும்னா போர்டுல மாத்தி எழுதுறேன். எதுவும் பிரச்சினையா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"எங்க அக்காவப் பாக்க வந்தவங்க டம்ளர்ல பாதி காப்பி குடிச்சிட்டு, அப்புறம் வேணாம்னுட்டாங்க. எங்கப்பா இன்னைக்கு வரைக்கும் அந்தப் பாதி காப்பியத்தான் பேசுறாரு" என்றாள். பலகையைத் துடைத்து இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள்.

அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"அழிச்சு எழுதினா ஆச்சா? காலையில பாத்ததப் பாத்துட்டேன்ல" என்றார்.

அறைக்குப் போய்ப் பையில் இருந்த பிஸ்கட்டில் நாலு சாப்பிட்டேன். அது எங்கள் வீட்டுப் பிஸ்கட். இருந்தாலும் குற்ற உணர்ச்சியாக இருந்தது. அப்பாவிடம் நீட்டினேன். "அங்க ஒரு மனுசன் நமக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்காரு. நான் ஒளிஞ்சு திங்கவா?" என்று கேட்டார்.

பதினோரு மணிக்கு அண்ணன் போன் செய்தான்.

"என்ன பேசுறாங்க?"

"மழை. வெயிலு. இலை வெலை. சுகர் மாத்திரை வெலை."

"எங்களப் பத்தி?"

"இன்னும் வரல."

"சாப்ட்டாங்களா?"

"இல்ல."

அவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். அப்பா சாப்பிடாமல் நாளைக் காலை கிளம்பிவிட்டால், சம்மதம் இல்லை என்பதுதான் பதில் என்று ஆகிவிடும். அதை யாரும் வாயால் சொல்லக்கூடத் தேவைப்படாது.

மத்தியானம் ஒரு மணிக்கு மறுபடி அதே அறை. அப்பா இந்த முறை சனிக்கிழமை விரதம் என்றார். அப்பாவுக்கு எந்தக் கிழமையும் விரதம் கிடையாது.

"நல்லதாப் போச்சு. நானும் சனிக்கிழமை ஒரு பொழுதுதான்" என்றார் சார்.

இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள். சமையல்காரர் நல்லகாமன் கரண்டியோடு வந்து நின்று பார்த்தார். பெரிய மீசை, நனைந்த தோள்துண்டு.

"அண்ணே, சமையல்ல எதுவும் கொறையா?"

"கொறையெல்லாம் இல்லப்பா. வாசனையே தூக்குது" என்றார் அப்பா. அது மட்டும் உண்மை.

அம்மாவும் ரங்கநாயகி ஆன்ட்டியும், "பொம்பளைக நாங்க கொஞ்சம் படுக்குறோம்" என்று ஒன்றாக ஆன்ட்டியின் அறைக்குப் போனார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து கண்மாய்த் தண்ணீரில் மிதந்த நாமக்கோழிகளை எண்ணினேன். முப்பத்தொன்று வரை எண்ணினேன். அவை முங்கி வேறு இடத்தில் எழுந்ததால் சரியாக இருக்காது.

மூன்றரை மணிக்கு அப்பா, "கரையில ஒரு நடை போயிட்டு வரலாமா?" என்று சாரைக் கேட்டார். நான் தண்ணீர் பாட்டிலோடு பத்தடி பின்னால் நடந்தேன். ஒட்டுக் கேட்பது சரியா என்று யோசித்தேன். காற்று என் பக்கம் அடித்தது.

"சார், நான் சுத்திவளைச்சுப் பேசத் தெரியாதவன்" என்றார் அப்பா. "உங்க பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நல்ல பிள்ளைன்னு எம்மகளும் சொல்லுது. ஆனா காலையில உங்க வீட்டம்மா ஒண்ணு சொன்னாங்க, நீங்க சிரிச்சீங்க. எனக்கு என்னன்னு தெரியல."

"அது வந்து, என்னோட..."

"இருங்க. அத நான் கேக்கல. எம்மகன் உங்க வீட்டுக்கு வரப்போக இருந்தா ஒரு வருசத்துல அந்தப் பாஷையப் பிடிச்சிருவான். நாளைக்கு எனக்கு ஒரு பேரப்பிள்ளை பொறந்து, அது போன்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லிச் சிரிச்சா, எதுக்குச் சிரிக்குதுன்னு நான் யாருகிட்டப் போயிக் கேக்க?"

மூன்று மாதமாக அப்பா பேசாமல் இருந்ததற்கு நான் பத்துக் காரணங்கள் யோசித்து இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். பக்கம் புரட்டிப் பார்த்தேன். இது அதில் இல்லை.

சார் தன் பங்குக்குச் சொன்னார்:

"எனக்கும் ஒண்ணு இருக்கு. உங்க குலசாமி கும்பிடுல கெடா வெட்டுவீங்க. அது உங்க வழக்கம், நான் தப்புச் சொல்லல. எம்பொண்ணு சைவம். எரநூறு பேரு சாப்பிடுற எடத்துல அவ ஒருத்தி தயிர்ச் சோத்தோட ஓரமா உக்காந்திருப்பா. யாராவது கேலி பண்ணினா, அவளுக்காக ஒரு வார்த்தை சொல்ல அங்க ஆள் இருக்குமா?"

"நான் சொல்லுவேன்னு இப்பச் சொன்னா, அது பேச்சுக்குச் சொன்ன மாதிரி இருக்கும்."

"ஆமா. அதனாலதான் நானும் உங்க பேரப்பிள்ளை விஷயத்துக்கு உடனே பதில் சொல்லல."

இரண்டு பேரும் மடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். மடைக்கல்லில் நல்லகாமன் தூக்குவாளியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். தினமும் சமைக்கிறவனுக்குத் தன் சமையல் தொண்டையில் இறங்காதாம். அதனால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து, எல்லா வேலையும் முடிந்த பிறகு இங்கே வந்து சாப்பிடுவாராம்.

சார் மடைச்சுவரைப் பிடித்தார். பிறகு மெதுவாக அப்படியே உட்கார்ந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு வெயில் இல்லை.

எனக்கு முன்பே அப்பா பார்த்துவிட்டார். மார்க்கெட்டில் சுமை தூக்கும் சிவனாண்டி மாமாவுக்கு இப்படி ஆகி அவர் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"இருக்கு. காலையில மாத்திரை போட்டேன். மத்தியானமும் போட்டேன்."

"போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடலயா?"

"நீங்க சாப்பிடாம நான் எப்படி? போர்டுல என் பேருதானே இருந்துச்சு. நீங்க என் விருந்தாளி."

"மருந்துக் கடை வச்சிருக்கிற ஆளு பேசுற பேச்சா இது? ஊருக்கெல்லாம் சாப்பாட்டுக்கு முந்தி, சாப்பாட்டுக்குப் பிந்தின்னு எழுதிக் குடுப்பீங்கல்ல?"

திட்டிக்கொண்டே அப்பா நல்லகாமனின் பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றினார். "சீனி அள்ளிப் போட்டிருப்பேண்ணே" என்று நல்லகாமன் எச்சரித்தார். "அதுதான்பா வேணும்" என்று அப்பா அதைச் சாரின் கையில் வைத்து, டம்ளரின் அடியில் தன் கையையும் கொடுத்தார். காலையிலிருந்து சார், சார் என்று அழைத்தவர் அண்ணே என்றதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். அவர் உணர்ந்த மாதிரி தெரியவில்லை.

பத்து நிமிடத்தில் சாரின் முகம் சரியானது. நல்லகாமன் தூக்கைத் தள்ளி வைத்தார்.

"மேல் தட்டுல தயிர்ச் சோறு, நார்த்தங்கா ஊறுகா. கீழ இருக்கிறதுதான் கருவாட்டுக் கொழம்பு, அத மூடிட்டேன். சாப்பிடுங்கய்யா."

சார் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா சற்று யோசித்தார். "இது என் பேர்லயும் இல்ல, உங்க பேர்லயும் இல்ல. நல்லகாமன் வீட்டுச் சோறு. நம்ம பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சரியா?"

"சரி."

"நல்லகாமா, கீழ்த் தட்ட இங்கிட்டுத் தள்ளு."

இருவரும் மடைக்கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் தயிர்ச் சோறு. மற்றவர் கருவாட்டுக் குழம்பு, காற்றடிக்கும் திசை பார்த்துத் தள்ளி உட்கார்ந்து. நல்லகாமன் எழுந்து நின்று மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்கு இன்னைக்கு என் சமையல்தான் விதி போல" என்றார். சார் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

அறைக்குத் திரும்பினோம். அம்மா வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா நடந்ததைச் சொல்லி, "அவரும் சாப்ட்டாரு, நானும் சாப்ட்டேன். ஆனா கை நனைச்ச கணக்குல வராது. வழக்கத்த விடல" என்றார், கொஞ்சம் பெருமையாக.

அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"நான் மத்தியானமே நனைச்சிட்டேன்" என்றார்.

"என்னத்த?" என்றார் அப்பா.

"அந்தக்கா வெளியில சாப்பிடாதாம். வீட்டுலருந்து புளிச் சோறும் வாழக்காப் பொரியலும் கட்டிட்டு வந்திருந்துச்சு. ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டுச் சாப்ட்டோம். பொரியலு ரெண்டாவது தடவ வாங்கிக்கிட்டேன்."

"அது விடுதிச் சோறுகூட இல்ல. பொண்ணு வீட்டு அடுப்புல வெந்த சோறு."

"தெரிஞ்சுதான் சாப்ட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க என்கிட்டக் கேட்டீங்களா? மூணு மாசமா உங்களுக்குச் சம்மதமா இல்லையான்னுதான் இந்த வீட்டுல பேச்சு. சோலையம்மா, உனக்கு எப்படின்னு ஒரு நாளு கேட்டீங்களா? அவன் எனக்கும் மகன்தான்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கண்மாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் உள்ளே போய்விட வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று தெரியாமல் கதவோரம் நின்றேன். வெயில் இறங்கி, கொக்குகள் கூட்டமாக மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"பொரியலு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார், திரும்பாமலே.

"தேங்கா கொஞ்சம் கூட."

"ம்."

ஏழரைக்குச் சாப்பாட்டு அறைக்கு அப்பாதான் முதலில் போனார். சாரை உட்காரவைத்து, "நீங்க நேரத்துக்குச் சாப்பிடணும்ண்ணே. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். சார் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டார். அப்பா கை கழுவவில்லை. தட்டையும் எடுக்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சப்பாத்தியை எடுத்துக்கொண்டார். நான் எடுக்கவில்லை. அறைக்குப் போய் மிச்சப் பிஸ்கட்டைச் சாப்பிட்டேன்.

எழுந்திருக்கும்போது அப்பா சாரிடம் சொன்னார்:

"காவ்யஸ்ரீய நாளைக்கு இங்க வரச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது சொல்ற பதிலக் கேட்டுட்டு, காலைச் சாப்பாட்டுக்கு உக்காரலாமா வேணாமான்னு பாக்கலாம்."

"என்ன கேக்கப்போறீங்கன்னு நான் தெரிஞ்சுக்கலாமா?"

"வேணாம்ண்ணே. தெரிஞ்சா நீங்க சொல்லிக்குடுத்துருவீங்க."

சார் தலையை ஆட்டினார். ரங்கநாயகி ஆன்ட்டி அவரிடம் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அவர், "தமிழ்லயே சொல்லு" என்றார். ஆன்ட்டி, "ராத்திரி மாத்திரை போட்டாச்சான்னு கேட்டேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"காவ்யாவ மட்டுமா? நானு?"

"நீ வேணாமாம்."

"என்ன கேக்கப்போறாரு?"

"தெரியல."

"அம்மாகிட்டக் கேளு."

கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. முதல்முறையாக அம்மாவின் முகத்திலும் கொஞ்சம் பயம் இருந்தது.

இப்போது மணி ஒன்பது. அப்பா வராந்தாவில்தான் இருக்கிறார்.

நாளை, ஞாயிறு: காலை ஏழு மணிக்குச் சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில் காவ்யஸ்ரீ இறங்குவாள். ஸ்கூட்டியில் போய்க் கூட்டிவர வேண்டும். வழியில் அவளை எதுவும் சாப்பிடவைக்கக் கூடாது; அப்பா சம்மதித்தால் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டுமே. எட்டரைக்குச் சாப்பாடு போடுவார்கள். அதற்குள் அவள் என் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.